பத்தொன்பதாவது கூறு

எனக்குப் பின்னக் கணக்கு நன்றாகத் தெரியும். தெரியாமலே இருந்திருக்கலாம். வீட்டுப் பிள்ளைகள் யாராவது கணக்கு நோட்டைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தால், அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று சொல்லி எழுந்து போய்விடுவேன். அடுப்பில் ஒன்றும் இருக்காது. அது அவர்களுக்கும் தெரியும். ஏழாம் வகுப்போடு நின்றவளுக்குக் கணக்கு எங்கே வரப்போகிறது என்று தங்களுக்குள் சிரித்துக்கொள்வார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும் என்று இருந்துவிட்டேன்.

பிரெஞ்சுக்காரர்கள் காரைக்காலை விட்டுப் போய் அப்போது ஒரு வருஷம் இருக்கும். கொடி மாறியது, தபால் தலை மாறியது, பள்ளிக்கூடத்தில் புத்தகம் மாறியது. எங்கள் கணக்கு வாத்தியார் மட்டும் அவரேதான். அதுவரை தெரியாத எண்ணை ‘இக்ஸ்’ என்று சொல்லிக்கொண்டிருந்தவர், ‘எக்ஸ்’ என்று சொல்லப் பழகிக்கொண்டிருந்தார். எக்ஸில் ஆரம்பித்த கணக்கைப் பாதியில் மறந்துபோய் இக்ஸில் முடிப்பார். பட்டினச்சேரியிலிருந்து திருமலைராயன்பட்டினத்துப் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போன பெண்பிள்ளைகள் மூன்று பேரில் மற்ற இருவரும் நின்றுவிட்டார்கள். நான் மட்டும் மிச்சம். என்னை நிறுத்தாமல் வைத்திருந்தது அப்பாவின் பிடிவாதம். “கணக்குப்பிள்ளை சொல்றதுக்கெல்லாம் தலையாட்டுற பொழப்பு எங்களோட போவட்டும்” என்பார்.

அந்தப் பின்னச் சமன்பாடு என்னைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. ஒரு எண்ணில் பாதியை எடுத்தாயிற்று, அரைக்கால் பங்கை எடுத்தாயிற்று, மீதி இவ்வளவு, அப்படியானால் அந்த எண் எது? கீழே இரண்டும் எட்டும் நிற்கும். எல்லாவற்றையும் எட்டால் பெருக்கிவிட்டால் கீழே இருப்பவை ஒழிந்துபோகும் என்பார் வாத்தியார். நான் பின்னங்களை மட்டும் பெருக்கிவிட்டு, ஓரத்தில் தனியாக நிற்கிற எண்ணை மறந்துவிடுவேன். விடை எங்கேயோ போய் நிற்கும். மூன்று நாள் உள்ளங்கையில் பிரம்படி வாங்கினேன். நான்காம் நாள் எப்படியோ பிடிபட்டுவிட்டது. அந்தப் பக்கத்திலிருந்த கணக்குகள் அத்தனையையும் ஒரே மூச்சில் போட்டுக்கொண்டுபோய் நீட்டினேன். வாத்தியார் நோட்டை இரண்டு தடவை புரட்டிப் பார்த்துவிட்டு, “போய் உக்காரு” என்றார். அடிக்காமல் உட்காரச் சொன்னதே பெரிய விஷயம். எனக்குத் தலைகால் புரியவில்லை. பார்ப்பதையெல்லாம் எக்ஸாக வைத்துப் பார்க்க ஆரம்பித்தேன்.

வீட்டில் அப்பா படுத்த படுக்கையாகி எட்டு மாதம் ஆகியிருந்தது. கரைவலையைக் கடலில் விட்டுவிட்டுத் திரும்பிய தோணியை அலை தூக்கிப் போட்டதில், அதன் விளிம்புக்கும் மணலுக்கும் நடுவே அகப்பட்டு இடுப்பு போய்விட்டது. கம்பை ஊன்றிக்கொண்டு கொல்லைப்பக்கம் போய் வருவார், அவ்வளவுதான். யாரிடமும் கைநீட்டாத மனிதர். படுத்த புதிதில் கிளிஞ்சல்மேட்டு மாமா ஒரு மூட்டை அரிசியை வண்டியில் ஏற்றி அனுப்பினார். அதே வண்டியில் அதைத் திருப்பி அனுப்பிவிட்டார் அப்பா. “எனக்குக் கால்தான் வரல. மானம் எங்கயும் போவல” என்றார். அன்றைக்கு நானும் தம்பியும் வெறும் கஞ்சித் தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுத்தோம். அம்மா அதுவும் குடிக்கவில்லை.

அடுத்த வாரம் பெரியப்பா ஒரு நல்ல செய்தி கொண்டுவந்தார். தோணியும் வலையும் பட்டினத்து வலைக்காரருடையவை. அவருடைய தோணி அடித்துத்தான் அப்பாவுக்கு இப்படி ஆனது என்பதால், அவருக்குச் சேருகிற பாதியிலிருந்து தினமும் ஒரு ஆள் பங்கு அப்பாவுக்குக் கொடுக்க அவர் ஒத்துக்கொண்டுவிட்டாராம். அப்பா கண்ணை இடுக்கிக்கொண்டு கேட்டார். “இது ஒன் உரிமைடா தம்பி. எவனும் ஒனக்குப் பிச்சை போடல” என்றார் பெரியப்பா. உரிமை என்ற பிறகு அப்பாவுக்கு மறுப்பில்லை. மறுநாளிலிருந்து பெரியம்மா தன் கூடையில் எங்கள் பங்கையும் சுமந்துகொண்டு வந்து போடுவார். அம்மா அதை எடுத்துக்கொண்டு பட்டினத்துத் தெருக்களில் விற்றுவிட்டு அரிசியோடு வருவாள். நாங்கள் நான்கு பேரும் உயிர் பிழைத்துக் கிடந்தது அந்த ஒரு பங்கினால்தான்.

கரைவலை இழுப்பது எப்படி என்று இப்போதுள்ளவர்களுக்குச் சொன்னால்தான் தெரியும். தோணியில் வலையைக் கொண்டுபோய்க் கடலில் வளைத்து விட்டுவிட்டு, இரண்டு பக்கக் கயிற்றையும் கரையில் நின்று ஆட்கள் இழுப்பார்கள். எங்கள் வலைக்குப் பதினெட்டு ஆள். வலை கரையேறியதும் மீனைக் கூடை கூடையாக அளப்பார்கள். பாதி வலைக்காரருக்கு. அரைக்கால் அம்மன் கோயிலுக்கு. மிச்சம் இழுத்தவர்களுக்கு. அந்த மிச்சத்தை மணலில் கொட்டிக் கலந்து, ஆளுக்கு ஒன்றாகக் கூறு போடுவார் பெரியப்பா. எந்தக் கூறு யாருக்கு என்பதில் சண்டை வரக்கூடாது என்று ஒரு வழக்கம் உண்டு. ஆளுக்கு ஒரு அடையாளம் கொடுப்பார்கள். ஒருவர் சோழி, ஒருவர் ஈயக் குண்டு, ஒருவர் முடிச்சுப் போட்ட கயிற்றுத் துண்டு, ஒருவர் எந்தச் சிப்பாயிடம் வாங்கினாரோ தெரியாது, ஒரு பித்தளைப் பொத்தான். கூறு போட்டு முடியும்வரை கடலைப் பார்த்து நிற்கிற ஒரு பிள்ளை, பிறகு திரும்பி, கைக்கு வந்த அடையாளத்தைக் கூறுக்கு ஒன்றாக வைத்துக்கொண்டே போகவேண்டும். அந்த வருஷம் அந்தப் பிள்ளை நான். அதை முடித்துவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போவேன்.

தினமும் நான் பதினெட்டு அடையாளங்களையும் வைத்து முடிப்பேன். தினமும் ஒரு கூறு மிஞ்சும். பெரியப்பா தலையில் அடித்துக்கொண்டு, “பாழாப்போன எண்ணிக்கை இன்னைக்கும் தப்பிடுச்சு” என்பார். “அண்ணனுக்கு எண்ணத் தெரியாதுப்பா” என்று ஆட்கள் சிரிப்பார்கள். மிஞ்சிய கூறைப் பெரியம்மா அள்ளித் தன் கூடையில் போட்டுக்கொள்வார். மாதக்கணக்கில் இப்படி நடந்தது. ஒரு மனிதர் மாதக்கணக்கில் ஒரே இடத்தில், ஒரே ஒன்றால் தப்புவாரா என்று நான் யோசித்ததே இல்லை. பெரியவர்களுக்குக் கணக்கு வராது என்பது எங்கள் பக்கத்தில் சகஜம்.

வலைக்காரரின் கணக்குப்பிள்ளை காரைக்காலிலிருந்து சைக்கிளில் வருவார். பாதியை அளந்து வண்டியில் ஏற்றிவிட்டு வண்டியோடு கிளம்பிவிடுவார். கூறு போடுகிற நேரத்துக்கு அவர் இருந்ததே கிடையாது. ஒரு நாள் வழியில் மாட்டுக்கு லாடம் கழன்று வண்டி வரத் தாமதமாகிவிட்டது. வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு நின்றவருக்குப் பொழுது போகவில்லை. கடலைப் பார்த்து நின்ற என்னைக் கூப்பிட்டார்.

“பள்ளிக்கூடம் போறியாமே. என்ன சொல்லித் தர்றாங்க?”

“பின்னச் சமன்பாடுங்க” என்றேன். அவர் புருவத்தை உயர்த்தினார்.

“சரி, சொல்லு பாப்போம். நான் பாதிய எடுத்துட்டேன். அம்மனுக்கு அரைக்கால் போயிடுச்சு. ஆளுங்களுக்கு மிச்சம் பதினெட்டுக் கூடை. மொத்தம் பட்டது எத்தனை கூடை?”

எனக்கு வேறென்ன வேண்டும்? ஒரு குச்சியை எடுத்து ஈர மணலில் எழுதினேன். எக்ஸில் பாதி, எக்ஸில் அரைக்கால், கூடப் பதினெட்டு, எல்லாம் சேர்ந்தால் எக்ஸ். எட்டால் பெருக்கினேன். பதினெட்டை மறக்காமல் பெருக்கினேன். மூன்று எக்ஸ், நூற்று நாற்பத்து நான்கு. எக்ஸ் நாற்பத்தெட்டு. கணக்குப்பிள்ளை மடியிலிருந்து நோட்டை எடுத்துப் பார்த்தார். நாற்பத்தெட்டு என்றுதான் எழுதியிருந்தார். “அடி சக்கை!” என்றார். கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். “நம்ம ஊட்டுப் பொண்ணுங்க” என்று யாரோ சொன்னார்கள். பெரியப்பாவும் குனிந்து கடைசிக் கூறைப் போட்டபடியே சிரித்தார். அந்தச் சிரிப்பு இப்போதும் கண்முன் நிற்கிறது.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நான் நிறுத்தவில்லை. மணலில் வரிசையாக இருந்த கூறுகளைக் குச்சியால் சுட்டி எண்ணினேன். “பதினெட்டுக் கூடை, பதினெட்டு ஆளு. அப்படின்னா கூறும் பதினெட்டுதான் வரணும். பெரியப்பா பத்தொம்போது போட்டிருக்காங்க. தினமும் இப்படித்தான் போடுறாங்க” என்றேன்.

கணக்குப்பிள்ளை வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். எங்கோ ஒரு கூடையை ஒளித்துவைத்து வலைக்காரர் பாதியில் கைவைத்துவிட்டார்கள் என்றுதான் அவருக்குத் தோன்றியிருக்கும். ஒரு கூறை அள்ளிக் கூடையில் போடச் சொன்னார். கூடை நிரம்பவில்லை. ஒரு விரல் குறைந்தது. அடுத்த கூறும் அப்படியே. எல்லாக் கூறும் அப்படியே.

“ஒங்க பாதியில யாரும் கைவைக்கலிங்க. எங்களுதுலதான் கொறைச்சுப் போட்டிருக்கோம்” என்றார் பித்தளைப் பொத்தான்காரர்.

“அது சரி. அப்ப இந்தக் கூறு யாருக்கு?”

பதினெட்டுப் பேரும் என்னைப் பார்த்தார்கள். என் சாமர்த்தியத்தைப் பார்த்து அசந்துபோய்ப் பார்க்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். என் முன்னால் சொன்னால் அது அப்பாவின் காதுக்குப் போகும் என்று அவர்கள் தவித்தது எனக்குத் தெரியாது. கணக்குப்பிள்ளையிடம் தனியாகச் சொல்லலாம் என்றால், அவர் வாயில் போட்டது அன்று மாலைக்குள் பட்டினம் முழுக்கப் பரவிவிடும். பெரியப்பா மணலைத் தட்டிக்கொண்டு எழுந்தார். “எனக்கு எண்ணத் தெரியாதுங்க. தப்பிப் போச்சு” என்றார்.

“தினமுமா தப்பும்?” என்றார் கணக்குப்பிள்ளை. தனக்குத் தெரியாமல் கரையில் ஒரு நண்டுகூட நகரக்கூடாது என்று நினைக்கிற ஆள் அவர். எல்லாவற்றையும் கலைத்துப் பதினெட்டாகப் போடச் சொன்னார். “இனிமே கூறு போட்டு முடியிற வரைக்கும் நான் இருப்பேன். இந்தப் பொண்ணு எண்ணிச் சொன்ன பிறவுதான் அடையாளம் வைக்கணும்” என்றார். பதினெட்டு ஆண்பிள்ளைகளுக்கு மேலே என்னை எண்ணச் சொல்லிவிட்டார். நான் பள்ளிக்கூடத்துக்கு ஓட்டமும் நடையுமாகப் போனேன். பெரியப்பாவை நினைத்துச் சங்கடமாகக்கூட இல்லை. திருட்டோ தவறோ, கண்டுபிடித்தது நான் என்றுதான் இருந்தது.

அதற்குப் பிறகும் பெரியம்மா மீன் கொண்டுவரத்தான் செய்தார். ஆனால் கூடையில் அடிமட்டத்துக்கு மட்டுந்தான் இருக்கும். ஒரு கை மத்தி, ஒரு கை காரல், கொஞ்சம் நெத்திலி. வீட்டுக்கு வீடு ஒரு பிடியாக அள்ளிக் கொடுத்திருக்கிறார்கள். இரண்டாம் நாள் அப்பா கூடையைக் கட்டிலுக்குப் பக்கத்தில் கொண்டுவரச் சொல்லிக் கையைவிட்டுக் கிளறினார். “இது கூறு மாதிரி இல்லையே. பொறுக்கிச் சேத்த மாதிரில்ல இருக்கு” என்றார். இருபது வருஷம் கரைவலை இழுத்தவரை மீனில் ஏமாற்ற முடியுமா? அன்று கடலில் ஒன்றும் படவில்லை என்றாள் அம்மா. மூன்றாம் நாளும் அதையே சொன்னாள். அப்பா என்னைக் கூப்பிட்டு, எத்தனை கூடை பட்டது என்று கேட்டார். ஐம்பத்தாறு என்று உள்ளதைச் சொன்னேன்.

நான்காம் நாள் விடிந்ததும் கம்பை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அம்மா கம்பைப் பிடித்துக்கொண்டாள். “நான் போய்க் கேக்குறேங்க. நீங்க நடக்காதீங்க” என்று கெஞ்சினாள். “என் பங்க நான்தான் கேக்கணும்” என்றார் அப்பா. அம்மா கையை விட்டுவிட்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். நான்தான் கூடப் போனேன். பத்தடிக்கு ஒரு தடவை நின்று நின்று, சட்டையெல்லாம் நனைந்து, அந்த மணலில் அவர் நடந்தார். அப்போது எனக்குப் பெருமையாக இருந்தது. அப்பா நியாயம் கேட்கப் போகிறார்.

கரையில் அப்பா கணக்குப்பிள்ளைக்கு எதிரே போய் நின்று, வலைக்காரர் கொடுக்கிற பங்கு மூன்று நாளாக ஏன் குறைகிறது என்று கேட்டார். கெஞ்சிக் கேட்கவில்லை. வாடகைக்குவிட்டவன் வாடகை கேட்பதுபோல நிமிர்ந்து நின்று கேட்டார். கணக்குப்பிள்ளைக்கு ஒன்றும் விளங்கவில்லை.

“எந்தப் பங்குங்க? அவரு பாதியிலேர்ந்து ஒரு மீன்கூட நான் யாருக்கும் கொடுத்ததில்லையே. கொடுக்கச் சொல்லி அவரும் சொன்னதில்லை.”

அப்பா பெரியப்பாவைப் பார்த்தார். பெரியப்பா கூறு போட்ட கையைத் துடைத்தபடி மணலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா மற்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். ஒருவரும் முகம் கொடுக்கவில்லை. கணக்குப்பிள்ளைக்கு அப்போதுதான் ஏதோ உறைத்திருக்க வேண்டும். “அதான் அந்தப் பத்தொம்பதாவதா…” என்று ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டுச் சைக்கிளைத் தேடிப் போனார். அப்பா திரும்பி நடந்தார். நான் தோளைக் கொடுத்தேன். அவர் பிடித்துக்கொள்ளவில்லை. கணக்குப்பிள்ளை பொய் சொல்கிறார், வலைக்காரர் கொடுக்கிற பங்கை நடுவில் அமுக்கிவிட்டார் என்று நான் வழியெல்லாம் பொருமிக்கொண்டு வந்தேன்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்குப் பெரியம்மாவின் கூடை வரவில்லை. வந்தாலும் அப்பா உள்ளே விடமாட்டார் என்று எல்லாருக்கும் தெரியும். பெரியப்பா இரண்டு தடவை வாசல்வரை வந்து நின்றுவிட்டுப் போனார். அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அண்ணன் தம்பிக்குள் பேச்சு அதோடு போயிற்று. அம்மா கருவாட்டுக் கூடை தூக்கக் காரைக்காலுக்குப் போனாள். தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று நான் பள்ளிக்கூடத்திலிருந்து நின்றேன். நிற்கச் சொல்லி அப்பா சொல்லவில்லை. போகச் சொல்லியும் சொல்லவில்லை. மீன் குழம்பு வைத்தால் அதைத் தள்ளிவிட்டு, வெறும் சோற்றில் தண்ணீர் ஊற்றிச் சாப்பிடுவார். அடுத்த மழைக்காலத்தை அவர் பார்க்கவில்லை. இடுப்பு நோவினால் போய்விட்டார் என்று ஊரில் சொன்னார்கள். நானும் இவ்வளவு காலம் கேட்பவர்களிடமெல்லாம் அப்படித்தான் சொல்லிவந்திருக்கிறேன்.

ஆனால் இதெல்லாம் பிறகு. கரைக்குப் போய்வந்த அன்று நான் வழக்கம்போலப் பள்ளிக்கூடம் போய்விட்டுச் சாயங்காலம் திரும்பினேன். அப்பா கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தார். முகம் கழுவியிருந்தார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

“கரையில ஏதோ கணக்குப் போட்டியாமே. அத எனக்குப் போட்டுக் காட்டு” என்றார்.

கணக்குப்பிள்ளையை மடக்கத்தான் கேட்கிறார் என்று எனக்குத் தோன்றியது. சிலேட்டை எடுத்துக்கொண்டு கட்டிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். எழுதப் படிக்கத் தெரியாத மனிதர். அதனால் ஒவ்வொரு வரியாக நிறுத்திச் சொன்னேன். இது மொத்தமாகப் பட்ட மீன், எவ்வளவு என்று தெரியாததால் இந்தக் குறி. இது வலைக்காரர் பாதி. இது அம்மனுடைய அரைக்கால். இது இழுக்கிறவர்கள் பதினெட்டுப் பேர். எல்லாவற்றையும் எட்டால் பெருக்குகிறோம். இதோ கீழே இருந்ததெல்லாம் போயிற்று. இதை அந்தப் பக்கம் கொண்டுபோகிறோம். வாத்தியார்கூட எனக்கு அவ்வளவு பொறுமையாகச் சொல்லித்தந்ததில்லை. அப்பா சிலேட்டிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. முடித்ததும் விடைக்குக் கீழே இரண்டு கோடு போட்டேன்.

அவர் ஒரு விரலை எடுத்து, மேல் வரியிலிருந்து ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு வந்தார். “இதுல நான் எங்கம்மா இருக்கேன்?” என்று கேட்டார்.

கேள்வி கேட்டால் விடையைச் சரிபார்த்துவிட்டுத்தான் பதில் சொல்ல வேண்டும் என்பது வாத்தியார் சொன்னது. மேலிருந்து கீழ்வரை இன்னொரு முறை பார்த்தேன். எங்கும் பிழையில்லை.

“நீங்க இதுல இல்லப்பா” என்றேன். “பதினெட்டுப் பேருக்கே சரியாப் போயிடுது. மீதியே வரல.”

அப்பா தலையை ஆட்டினார். சிலேட்டை என் மடியில் வைத்தார். “நல்லாப் படிச்சிருக்க” என்றார்.

நான் அடுப்படிக்கு ஓடினேன். அப்பாவுக்குக் கணக்கைச் சொல்லிக்கொடுத்ததையும், அவர் கேட்டதையும், நான் சொன்ன விடையையும், அவர் என்னைப் பாராட்டியதையும் ஒன்றுவிடாமல் அம்மாவிடம் சொன்னேன். அம்மா கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டு என் கன்னத்தில் அறைந்தாள். பிறகு என்னை இழுத்து அணைத்துக்கொண்டு, சத்தம் வெளியே கேட்காமல் அழுதாள். விடை சரியாகத்தானே வந்தது, இவள் எதற்கு அழுகிறாள் என்று அவள் முந்தானைக்குள் மூச்சுமுட்ட நின்றுகொண்டிருந்தேன்.